சாட்ஸ்வர்த் கோயில் மண்டபத்தில் மருத்துவ மாணவர்களின் சனிக்கிழமைச் சேவை: எதற்குப் போகலாம், எதற்குப் போகக் கூடாது

மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்க்கும் அந்த ஒரு மேசைக்காகவே இந்தச் சேவைக்குப் போகலாம். பிரஷர் பார்ப்பதும் விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதும் மருந்துக்கடையிலேயே கிடைக்கும். சில கடைகளில் இதைவிட ஒழுங்காகவே கிடைக்கும். ஆனால் வீட்டிலிருக்கிற மருந்து அத்தனையையும் பரப்பி வைத்து, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, "ஆயா, இது எதுக்கு, எப்போ போடுறீங்க, எந்த நாள் விட்டுப்போகுது?" என்று அரைமணி நேரம் பொறுமையாகக் கேட்பதற்கு டர்பனில் வேறு யாருக்கும் நேரம் இல்லை. அரசு கிளினிக்கில் வரிசை நீளம். தனியார் டாக்டரிடம் கட்டணம் ஒரு பக்கம், வெளியே காத்திருப்பவர்கள் ஒரு பக்கம்.

அமைப்பு எளிமையானது. குறித்த சனிக்கிழமைகளில் காலை வேளையில், டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில், கோயிலை ஒட்டிய கல்யாண மண்டபத்தில் ஐந்தாறு மேசைகள். மூன்றாம் ஆண்டு முதல் இறுதியாண்டு வரையுள்ள மாணவர்கள், மேற்பார்வைக்குப் பதிவு பெற்ற டாக்டர் ஒருவர். கட்டணம் கிடையாது. எந்தக் கோயில், எந்தக் குழு என்று இங்கே எழுதவில்லை, குறைகளையும் சொல்லப்போகிறோம். பீனிக்ஸ், மெரிபேங்க் பக்கம் இதே மாதிரி ஏதாவது நடந்தாலும் இதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

மாணவர்கள் ஊருக்குள் வந்து வைத்தியம் பார்ப்பது தென்னாப்பிரிக்காவுக்குப் புதிதில்லை. கேப் டவுனில் 1943-ல் ஆண்ட்ரூ கின்னியர் என்ற மருத்துவ மாணவர் தொடங்கிய ஷாக்கோ என்ற தொண்டு அமைப்பு இன்றும் மாணவர் கிளினிக்குகளை நடத்துகிறது. அதற்கும் முன்பே, 1940-ல், நம் குவாசூலு நடால் மாகாணத்தின் புல்வர் பக்கம் ஃபொலேலாவில் சிட்னி கார்க், எமிலி கார்க் தம்பதி ஒரு சுகாதார நிலையம் தொடங்கினார்கள். நோயாளி வரட்டும் என்று உட்கார்ந்திராமல் வீடுவீடாகப் போய், குடும்பம் என்ன சாப்பிடுகிறது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதையெல்லாம் சேர்த்துக் குறித்துவைத்த அந்த முறையைப் பிற்காலத்தில் பல நாடுகள் எடுத்துக்கொண்டன. சாட்ஸ்வர்த் மண்டபத்தில் ஒரு மாணவர் மாத்திரை எண்ணிக்கொண்டிருப்பதை யாராவது ஏளனமாகப் பார்த்தால், இது நம் மண்ணின் சரக்குதான் என்று சொல்லலாம்.

முதலில் தெளிவுபடுத்த வேண்டியது ஒன்று. இவர்கள் டாக்டர்கள் இல்லை. மருந்து எழுத இவர்களுக்கு உரிமை கிடையாது. அளவைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. மருத்துவ மாணவர் என்ற முறையில் தொழிற்குழுவில் பதிவு இருக்கும், ஆனால் எதைச் செய்தாலும் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும். ஆகவே உள்ளே போனதும் கேட்க வேண்டிய கேள்வி, "டாக்டர் எங்கே உட்கார்ந்திருக்கிறார்?" என்பதே. கையைக் காட்டினால் நல்லது. "போனில் கிடைப்பார்" என்றால் அன்றைக்கு அளவெடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நல்ல முகாமில் ஒவ்வொரு தாளிலும் மாணவரின் கையெழுத்துக்குக் கீழே டாக்டரின் கையெழுத்தும் இருக்கும்.

பிரஷர் மேசைக்குப் பாதி மதிப்பெண்தான். கருவி சரியானது, மேற்கையில் கட்டும் தானியங்கி வகை. இடம்தான் தப்பு. வாசலை ஒட்டி வைத்திருப்பதால் படியேறி வந்தவர் மூச்சு வாங்கிக்கொண்டே அதில் உட்காருகிறார். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகே அளக்க வேண்டும். முதுகு நாற்காலியில் சாய்ந்திருக்க வேண்டும். பாதம் இரண்டும் தரையில் படிய வேண்டும், கால் மேல் கால் கூடாது. கை மேசையின் மேல், நெஞ்சின் உயரத்தில். அளக்கும்போது பேச்சு கூடாது, மாணவரும் பேசக் கூடாது. பேசினாலே மேல் எண் பத்து வரை ஏறும். அரைமணி நேரத்துக்குள் காபியோ சிகரெட்டோ கூடாது. சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காரவும் கூடாது. வந்தவர்களுக்கு வாசலிலேயே டீ கொடுக்கும் நல்ல மனசு இந்த மேசையின் கணக்கைக் கெடுக்கிறது. டீயைக் கடைசி மேசைக்குப் பக்கத்தில் மாற்றினால் போதும்.

அடுத்தது பட்டையின் அளவு. சாதாரணப் பட்டை மேற்கையின் சுற்றளவு 22 முதல் 32 செ.மீ. வரை உள்ளவர்களுக்கு. அதற்கு மேல் 42 வரை பெரிய பட்டை வேண்டும். பருத்த கையில் சின்னப் பட்டையைக் கட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும்; அதை நம்பி மருந்து கூடும், பிறகு அந்த அம்மா குளியலறையில் தலைசுற்றி விழுவார். மண்டபத்தில் பெரிய பட்டை ஒன்றே ஒன்று இருக்கிறது, அதற்கு வரிசை. நெருக்கடியில் மாணவர்கள் சின்னதையே இழுத்துக் கட்டிவிடுகிறார்கள். ஜூன், ஜூலைக் குளிரில் ஸ்வெட்டருக்கு மேலேயே கட்டுவதும் நடக்கிறது. ரவிக்கைக் கையைச் சுருட்டி மேலே ஏற்றினாலும் கையை இறுக்கித் தப்பான எண் வரும். தளர்ந்த கையுள்ள உடுப்பில் போவது உத்தமம். ஒரே ஒரு முறை அளந்து எழுதினால் ஏற்காதீர்கள். ஒன்றிரண்டு நிமிட இடைவெளியில் மறுபடி அளக்கச் சொல்லுங்கள். முதல் எண் பெரும்பாலும் அதிகமாகவே இருக்கும்.

இந்த மேசையில் மெச்ச வேண்டியதும் உண்டு. பட்டை கட்டும் முன் மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பார்க்கிறார்கள். நாடி தாறுமாறாக இருந்தால் தானியங்கிக் கருவியை நம்ப முடியாது. அதைவிட முக்கியம், அப்படிப்பட்ட துடிப்பு பக்கவாதத்துக்கு முன்னறிவிப்பாக இருக்கலாம். டாக்டரிடம் அனுப்பி இதயத் துடிப்பை வரைபடமாக எடுக்க வேண்டும். கடைக் கருவி இதைக் கவனிக்காமல் போகலாம், மாணவரின் விரல் கவனிக்கிறது.

சர்க்கரை மேசையில் நடக்கும் கோளாறு நம் ஊருக்கே உரியது. சாமி கும்பிட்டுவிட்டு, பிரசாதம் வாங்கித் தின்றுவிட்டு, அதே கையோடு வந்து விரலை நீட்டுகிறார்கள். வாழைப்பழமும் சர்க்கரையும் பட்ட விரலில் எடுத்த துளி ரத்தம் 7 இருக்க வேண்டிய இடத்தில் 12, 13 என்று காட்டும். கிருமிநாசினி ஜெல்லால் துடைத்தால் இனிப்புப் பசை முழுதாகப் போகாது. சோப்பும் ஓடும் தண்ணீரும் வேண்டும், அதன்பின் நன்றாக உலர வேண்டும். ஈரவிரலில் ரத்தம் நீர்த்து எண் குறையும். மண்டபத்தின் குழாய் பின்பக்கம் இருக்கிறது. மேசையையே அங்கே போட்டுவிடலாம் என்பது யாருக்கும் இன்னும் தோன்றவில்லை.

விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்த வேண்டும். வலி குறையும், நுனி மரத்துப்போகாது. ஒவ்வொருவருக்கும் புது ஊசிமுனைதான், இதில் மாணவர்கள் கறார், பாராட்டலாம். ரத்தத் துளியைத் தொடவைக்கும் சோதனைப் பட்டைகள் உள்ள குப்பியைத்தான் திறந்தபடி விட்டுவிடுகிறார்கள். பிப்ரவரியின் கடலோர ஈரக்காற்றில் திறந்து கிடந்த பட்டை தப்பான எண்ணைக் காட்டும் அல்லது கருவி பிழை என்று சொல்லும். ஒன்றை உருவியதும் மூடியை அழுத்தி மூட வேண்டும், குப்பியின் மேல் திறந்த தேதியை எழுத வேண்டும்.

எண்ணைப் புரிந்துகொள்வதிலும் ஒரு குழப்பம் உண்டு. இங்கே மில்லிமோல் கணக்கு. சென்னையிலிருந்து போன் செய்யும் சொந்தக்காரர் மில்லிகிராம் கணக்கில் தனக்கு 140 என்பார். அதை 18-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 7.8. பெரும்பாலான சர்க்கரை நோயாளிகளுக்கு வெறும் வயிற்றில் 4 முதல் 7 வரை, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 10-க்குள் என்பது பொதுவான இலக்கு. வயதானவர்களுக்கும் இதய, சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கும் டாக்டர் தளர்த்திக் கொடுப்பார். மண்டபத்தில் எடுத்த ஒற்றை எண்ணை வைத்து யாருக்கும் சர்க்கரை நோய் என்று முடிவுகட்ட முடியாது. ஆய்வகத்தில், வெறும் வயிற்றில் 7.0 அல்லது அதற்கு மேல் வந்து, அறிகுறி இல்லாதவராக இருந்தால் இன்னொரு நாளும் அப்படியே வர வேண்டும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை இங்கே கிடையாது. "கடைசியாக எப்போது எடுத்தீர்கள்?" என்று கேட்டு எழுதிக்கொடுக்கிறார்கள். நிலையாக இருப்பவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு தரமாவது அது வேண்டும், மருந்து மாற்றினால் மூன்று மாதத்தில் மறுபடி. கிளினிக்கில் நீங்களாகக் கேட்காவிட்டால் தள்ளிப்போகக்கூடிய பரிசோதனை அது. கண், சிறுநீர், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ஆகிய மூன்றும் அப்படியே. அந்தத் துண்டுச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, வந்த காரியம்.

மாத்திரைப் பை மேசைக்குப் போகும்போது எல்லாவற்றையும் கொண்டுபோக வேண்டும். கிளினிக் மருந்து, தனியார் டாக்டர் எழுதியது, கடையில் வாங்கிய வலி மாத்திரை, இருமல் சிரப், தைலம், ஊரிலிருந்து வந்த சூரணம், சமையலறை உப்பு டப்பாவின் படம், அடுத்த வீட்டு அக்கா கொடுத்த அரை அட்டை, எல்லாமே. மாணவர் முதலில் மேசையில் மூன்று குவியல் பிரிக்கிறார்: தினம் போடுவது, தேவைப்பட்டால் போடுவது, போடாமல் கிடப்பது. பிறகு கிளினிக் அட்டையில் எழுதியிருப்பதோடு ஒவ்வொன்றாக ஒத்துப்பார்க்கிறார். பெயரைப் பார்ப்பதில்லை, பெட்டியில் சின்ன எழுத்தில் இருக்கும் மூலப்பொருளைப் பார்க்கிறார். இந்த மேசையின் சூட்சுமமே இதுதான்.

எதெல்லாம் அகப்படும் என்றால், கிளினிக் பிரஷருக்கு எனலாப்ரில் கொடுத்திருக்கும், தனியார் டாக்டர் பெரின்டோப்ரில் எழுதியிருப்பார். பெட்டி வேறு, நிறம் வேறு, வேலை ஒன்று. இரண்டையும் விழுங்கினால் பிரஷர் சரிந்து, சிறுநீரகம் அடிபட்டு, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். அதோடு "உப்பு குறைந்த உப்பு" என்று வாங்கிய டப்பா சேர்ந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் சோடியத்துக்குப் பதில் அதில் இருப்பதே பொட்டாசியம் குளோரைடு. டப்பாவின் படம் கேட்பது இதற்காகத்தான்.

அடுத்தது கிராண்ட்பா பொடி. தலைவலிக்கு, மூட்டுவலிக்கு, சும்மா களைப்புக்குக்கூட இரண்டு பொட்டலம் தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் பழக்கம் நம் பெரியவர்களிடம் வேரோடியிருக்கிறது. அதில் இருப்பது ஆஸ்பிரின், பாராசிட்டமால், காஃபீன். இதயத்துக்கென்று ஏற்கெனவே சின்ன ஆஸ்பிரின் போடுகிறவர் இதையும் தினம் குடித்தால் வயிற்றில் ரத்தம் கசியலாம். ஐபுபுரூஃபன் வகை வலி மாத்திரை, எனலாப்ரில், சிறுநீரைப் பெருக்கும் நீர்மாத்திரை மூன்றும் ஒரே வயிற்றில் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று மடங்கிப்போகும். வாந்தி பேதி வந்த நாளில் ஆபத்து இன்னும் கூடும். "இதை மருந்து என்றே நினைக்கவில்லை" என்று பலர் சொல்வதால், மாணவர்கள் பெயரைச் சொல்லியே கேட்கிறார்கள்: கிராண்ட்பா குடிக்கிறீர்களா, வாரத்துக்கு எத்தனை? நல்ல பழக்கம்.

வறட்டு இருமல் இன்னொன்று. எனலாப்ரில் தொடங்கிய சில வாரங்களில், சிலருக்கு சில மாதங்களில், தொண்டையில் கிச்சுகிச்சு மூட்டும் இருமல் வரும். அது மருந்தின் பக்கவிளைவு என்று தெரியாமல் சிரப் மேல் சிரப் வாங்குவார்கள். சிரப்பில் சர்க்கரை, மூக்கடைப்புக்கும் சேர்த்துக் கொடுப்பதில் பிரஷரை ஏற்றும் மருந்து. தேதிகளை ஒட்டிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் புலப்படும் விஷயம் இது. மாத்திரையை நீங்களே நிறுத்த வேண்டாம், வேறு வகைக்கு மாற்றும்படி கடிதம் கொடுப்பார்கள். உதடோ நாக்கோ வீங்கினால் மட்டும் கடிதத்துக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனை.

ஊர் மருந்துகளைப் பற்றிக் கேட்கும்போதுதான் மாணவர்களின் தரம் பிரிகிறது. வெந்தயம், பாகற்காய், சிறுகுறிஞ்சான் பொடி என்றதும் முகம் சுளிக்கிற மாணவரிடம் ஆயா அடுத்த தடவை உண்மையைச் சொல்ல மாட்டார். "எவ்வளவு, எந்த நேரம், கிளிமெப்பிரைடு போட்ட அன்றும் குடிக்கிறீர்களா?" என்று கேட்கிற மாணவரே தேவை. கிளிமெப்பிரைடு கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்கவைக்கிறது. சிறுகுறிஞ்சானும் சர்க்கரையை இறக்கக்கூடியது. சாப்பாடு தள்ளிப்போன நாளில் இரண்டும் சேர்ந்தால் சர்க்கரை தடாலென்று விழும். புரட்டாசிச் சனிக்கிழமை விரதம் இருப்பவர்கள் மாதம் பிறப்பதற்கு முன்பே இந்த மேசைக்கு வர வேண்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மட்டும் போடுகிறவருக்கு விரதத்தில் ஆபத்து குறைவு. கிளிமெப்பிரைடோ இன்சுலினோ போடுகிறவர் எந்த வேளையை விடுவது, எதைக் குறைப்பது என்று டாக்டரிடம் எழுதி வாங்காமல் விரதம் தொடங்கவே கூடாது.

சர்க்கரை 4-க்குக் கீழே இறங்கினால், அல்லது வேர்வை, நடுக்கம், தடுமாற்றம் வந்தால், மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு தாமதப்படுத்தும். 15 நிமிடம் கழித்து மறுபடி அளந்து, ஏறாவிட்டால் இன்னொரு தடவை. ஏறியதும் சோறோ ரொட்டியோ சாப்பிட வேண்டும். இதை மாணவர்கள் வீட்டுக்காரரையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்பதையும் சொல்கிறார்கள்.

மாத்திரை எண்ணும் விதமும் நன்று. 28 நாள் பொட்டலத்தில் எத்தனை மீதி என்று எண்ணிவிட்டு, "ஏன் போடவில்லை?" என்று அதட்டுவதில்லை. "எல்லாருக்கும் விட்டுப்போகும், வாரத்தில் எந்த நாள் அதிகம்?" என்கிறார்கள். காரணம் வெளியே வருகிறது: நீர்மாத்திரை போட்டால் டாக்ஸியில் போகும்போது அவசரம் வரும் என்று வேலை நாளில் போடுவதில்லை; மெட்ஃபார்மின் வெறும் வயிற்றில் போட்டு வயிறு கலங்கியது. முதலாவதற்கு நேரத்தை மாற்ற முடியுமா என்று டாக்டரைக் கேட்கலாம், இரண்டாவதற்குச் சாப்பாட்டோடு போட்டால் பெரும்பாலும் சரியாகும். ஆண்டுக்கணக்கில் மெட்ஃபார்மின் போட்டுப் பாதத்தில் எறும்பு ஊர்கிறது என்பவருக்கு, அந்த மருந்து குறைக்கக்கூடிய வைட்டமின் பி12 எவ்வளவு என்று பார்க்கச் சொல்லி எழுதுகிறார்கள். எல்லாவற்றையும் சர்க்கரையின் தலையில் கட்டிவிடாமல் இதைக் கேட்பது தேர்ந்த வேலை.

இந்த மேசையின் குறை ஒன்றுதான். வாரப் பெட்டியில் மாத்திரையை நிரப்பிக் கொடுத்துவிட்டுப் பழைய பொட்டலங்களைக் குப்பையில் போடச் சொல்கிறார்கள். பெட்டிக்குள் போன மாத்திரைக்குப் பெயர் கிடையாது. அடுத்த மாதம் கிளினிக்கில் நிறம் மாறிய மாத்திரை வந்தால் எது எதற்கு என்று யாருக்கும் தெரியாது. பொட்டலத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

இன்சுலின் மூலைக்கு 2024-க்குப் பிறகு கூட்டம் கூடிவிட்டது. அரசு மருத்துவமனைகளுக்கு மனித இன்சுலின் பேனா வரத்து குறைந்து, ஆண்டுக்கணக்கில் பேனா திருகிப் பழகியவர்கள் குப்பிக்கும் சிரிஞ்சுக்கும் திரும்ப வேண்டியதாயிற்று. பேனாவில் எண் திரும்பும், சொடுக்குச் சத்தம் கேட்கும். சிரிஞ்சில் கண்தான் அளவு. அரை மி.லி. சிரிஞ்சில் ஒரு கோடு ஒரு யூனிட், ஒரு மி.லி. சிரிஞ்சில் பெரும்பாலும் ஒரு கோடு இரண்டு யூனிட். கோட்டை எண்ணிப் பழகியவர் கையில் சிரிஞ்சு மாறினால் 12 யூனிட் 24 ஆகிவிடும். மாணவர்கள் சிரிஞ்சின் மேல் மார்க்கர் பேனாவால் கோடு போட்டுக் காட்டுகிறார்கள். கண் மங்கியவருக்கு அது உதவும், ஆனால் அளவு மாறினால் அந்தக் கோடே எமன். மகனோ மகளோ கூடவே வந்து கற்றுக்கொள்வது நல்லது.

கலங்கலான இன்சுலினை உள்ளங்கைகளுக்கு நடுவே மெதுவாக உருட்ட வேண்டும், குலுக்கக் கூடாது. போட வேண்டிய அளவு காற்றை முதலில் குப்பிக்குள் செலுத்திவிட்டுத்தான் மருந்தை இழுக்க வேண்டும். குத்தியபின் பத்து எண்ணி எடுக்க வேண்டும். வயிற்றில் ஒரே இடத்தில் குத்திக் குத்திக் கட்டி விழுந்திருந்தால் மாணவர் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார். கவனிக்க வேண்டியது அதற்குப் பிறகுதான்: கட்டியிலிருந்து நல்ல இடத்துக்கு மாறியதும் மருந்து முழுதாக ஏறும், பழைய அளவே போட்டால் சர்க்கரை விழும். இடம் மாற்றச் சொல்பவர்கள் இதையும் சொல்கிறார்களா என்று கேளுங்கள்; எல்லாரும் சொல்வதில்லை.

திறக்காத குப்பி 2 முதல் 8 டிகிரியில், உறைபனிப் பெட்டிக்கு வெளியே. திறந்த குப்பி நிழலான இடத்தில் சுமார் நான்கு வாரம் தாங்கும், மூடியில் தேதி எழுதுங்கள். மின்வெட்டுக் காலத்துக்கென்று மாணவர்கள் இரட்டை மண்பானை முறையைச் சொல்கிறார்கள்: பெரிய பானைக்குள் சின்னப் பானை, நடுவில் ஈர மணல். வறண்ட ஊரில் அது அருமையாகக் குளிரும். கோடையில் கசகசக்கும் நம் கடலோரத்தில் தண்ணீர் ஆவியாவதே மெதுவாக என்பதால் குளிர்ச்சியும் குறைவுதான். முழுதாக நம்ப வேண்டாம்.

கால் பார்க்கும் இடத்தில் திரை கட்டியிருக்கிறார்கள், மற்ற மேசைகளுக்கும் கட்டலாம். ஒரு பெயரைக் கூப்பிட்டு "எச்பிஏ1சி எவ்வளவு?" என்று கேட்டால் மண்டபம் முழுக்கக் கேட்கிறது, சாட்ஸ்வர்த்தில் அது மாலைக்குள் வெஸ்ட்கிளிஃப் வரை போய்விடும். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையைப் பாதத்தில் தொட்டு, கண்ணை மூடியபடி உணர்கிறீர்களா என்று பார்க்கிறார்கள். காய்ப்புக் காய்த்த இடத்தில் தொட்டால் யாருக்கும் தெரியாது, அதைத் தவிர்க்கத் தெரிந்திருக்கிறது. தைப்பூசக் காவடி, குட் ஃப்ரைடே மாரியம்மன் விழாவின் பூக்குழி என்று வெறுங்காலில் நடக்கிற ஊர் இது. இழை தெரியாத பாதம் ஜனவரித் தார் ரோட்டின் சூட்டையும் அறியாது. கொப்புளம் வந்தது மூன்றாம் நாள் நாற்றத்தில்தான் தெரியும். மாணவர்கள் "போகாதீர்கள்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். நேர்ந்துகொண்டவரிடம் அது செல்லாது. உணர்ச்சி குறைந்தவருக்குப் பதில் வீட்டில் இன்னொருவர் காவடி எடுக்கலாமா என்று குருக்களிடம் பேசச் சொல்வதும், உணர்ச்சி சரியாக இருப்பவருக்கு நடந்த அன்றிரவே பாதத்தைக் கழுவிக் கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொல்வதும் பலன் தரும்.

உணவுத் தாள் இந்தச் சேவையின் பலவீனமான பகுதி. பழுப்பு ரொட்டி, சாலட், வாட்டிய கோழி என்று யாருக்கோ அச்சடித்தது. ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பும் பன்னி சௌ பற்றி ஒரு வரி இல்லை, ஆடிக் கூழ் இல்லை, மடும்பிக் கிழங்கு இல்லை. வழக்கமான ரொட்டி 700 கிராம் என்றால் கால் பன்னிக்கே 175 கிராம் ரொட்டி, ஏறக்குறைய ஐந்து துண்டு. அதிலும் உருளைக்கிழங்குக் கறி. கறியைத் தனியாக வாங்கி இரண்டு துண்டு ரொட்டியோடு சாப்பிடுங்கள் என்றால் கேட்பார்கள். விட்டுவிடுங்கள் என்றால் கேட்கமாட்டார்கள். தாளைத் தள்ளிவைத்துவிட்டு "நேற்று ராத்திரி தட்டில் என்ன இருந்தது?" என்று கேட்கும் மாணவர் கிடைத்தால் அவரிடமே உட்காருங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் நாளுக்கு 5 கிராம் உப்பு என்ற வரம்பு மதியத்துக்குள் தீர்ந்துவிடும்.

ஆஸ்துமா உள்ள பிள்ளைகளை அழைத்து வருபவர்களுக்குச் சின்ன ஆனால் உருப்படியான உதவி உண்டு. பஃப் மருந்தை நேரே வாயில் அடித்தால் பாதி தொண்டையிலேயே தங்கிவிடும். 500 மி.லி. பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் பம்பின் வாய் இறுக்கமாகப் பொருந்துமாறு துளையிட்டு, காற்றுக் கசியாமல் ஒட்டி, பாட்டிலின் வாய் வழியாக மூச்சிழுக்க வைக்கிறார்கள். கேப் டவுனில் ஹெதர் சார் குழுவினர் 1990-களில் சோதித்து நிறுவிய முறை இது. பாத்திரம் கழுவும் சோப்புநீரில் அலசித் துடைக்காமல் காயவிட வேண்டும். துணியால் துடைத்தால் நிலைமின்சாரம் ஏறி மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

தொடர்ச்சிதான் பெரிய கவலை. மாணவர்களுக்குச் சுழற்சி மாறும், பரீட்சை வரும், நவம்பர் கடைசியிலிருந்து விடுமுறை. தீபாவளிப் பலகாரம் முடிந்து, கிறிஸ்துமஸ் கடந்து, தைப்பூசம் வரைக்கும், நோய் கட்டுமீறும் காலத்தில், மண்டபம் பூட்டிக் கிடக்கும். உங்களைப் பார்த்த மாணவர் பிப்ரவரியில் வேறு மருத்துவமனையில் இருப்பார். ஆகவே எல்லாக் குறிப்பும் உங்கள் கையில் ஒரு நோட்டில் இருக்க வேண்டும். மாணவரின் போனில் எடுத்த படத்தில் இருந்து பயனில்லை. இரண்டு வாரத்தில் போன் செய்து கேட்பதாகச் சொல்கிறார்கள், பெரும்பாலும் செய்கிறார்கள். தெரியாத எண் என்று நம்மவர்கள் எடுப்பதில்லை. எந்த எண்ணிலிருந்து வரும் என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். குவாசூலு நடால் பல்கலைக்கழகத்தில் 2014 முதல் ஐசிசூலு தெரியாதவர்கள் அதைப் படித்தாக வேண்டும். தமிழுக்கு அப்படி ஏதுமில்லை. ஆயாவுக்கு ஆங்கிலம் தடுமாறினால் பேரப்பிள்ளை கூட வர வேண்டும்.

பரிந்துரைக் கடிதம் வாங்கும்போது ஒரு பார்வை பாருங்கள். இரண்டு தடவை அளந்த எண், போடும் மருந்துகளின் முழுப்பட்டியல் அளவோடு, எதற்காக அனுப்புகிறார்கள் என்ற ஒரே ஒரு கேள்வி, டாக்டரின் கையெழுத்து. "சர்க்கரை அதிகம், தயவுசெய்து பார்க்கவும்" என்று மட்டும் எழுதிய கடிதம் ஆர்.கே. கான் மருத்துவமனை வரிசையிலோ கிளினிக் வரிசையிலோ உங்களை ஓரடி முன்னே நகர்த்தாது.

நெஞ்சுவலி, ஒரு பக்கம் கை கால் விழுதல், வாய் கோணல், பாதத்தில் ஆறாத புண்ணோடு காய்ச்சல், 180/110-க்கு மேல் பிரஷரோடு தலைவலி அல்லது பார்வை மங்கல், இவற்றுக்கு மண்டபம் சரிப்படாது. ஆம்புலன்ஸுக்கு 10177-க்கு போன் செய்யுங்கள், கைபேசியில் 112.

நோய் நிலையாக இருப்பவர்கள் கடைசி மேசையையும் பார்த்துவிட்டுப் போகலாம். மாதாமாதம் கிளினிக்கில் காத்திருக்காமல் வீட்டுக்குப் பக்கத்து மருந்துக்கடையில் கட்டிவைத்த மருந்தை வாங்கிக்கொள்ளும் அரசுத் திட்டம் 2014 முதல் இருக்கிறது. டாப்லாப் மெட்ஸ் என்ற பெயரில் அறிந்திருப்பீர்கள். மாணவர்கள் பதிவு செய்து தர முடியாது, அது கிளினிக் வேலை. ஆனால் உங்கள் எண்கள் அதற்குத் தகுதியாக இருக்கின்றனவா, என்ன கேட்க வேண்டும் என்று எழுதித் தருகிறார்கள். அடையாள அட்டையையும், எஸ்.எம்.எஸ். வரும் கைபேசியையும் கொண்டுபோங்கள். பழைய எண்ணை மாற்றாமல் விட்டால் மருந்து கடையில் காத்திருக்கும், செய்தி வேறு யாருக்கோ போகும். காலை எட்டரைக்குள் போய்ச் சேர்ந்தால் மாத்திரைப் பை மேசையில் இடம் கிடைக்கும்; பத்து மணிக்கு மேல் போனால் பிரஷர் மட்டும் பார்த்து அனுப்பிவிடுவார்கள்.